துப்பாக்கிக் கட்டையில் ஒரு சந்து

ஒரு மனிதரின் வலது கண் போனதற்கு நான் காரணம். அது போன பிறகு, தவறு அவருடையதுதான் என்று ஊர் முன்னால் சொன்னதும் நான்தான்.

நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்று ஆலங்காயத்தில் குடியேறியவன். மரவேலை என் பொழுதுபோக்கு. அதைக் கேள்விப்பட்டு, காவலூருக்கு அப்பால் மலையில் சாமை பயிரிடும் விவசாயி ஒருவர் தன் குடும்பத்துத் துப்பாக்கியுடன் வந்தார். குழல் வாய் வழியே வெடிமருந்தைத் திணித்துச் சுடும், வெள்ளைக்காரர் காலத்து ரைஃபிள். உரிமம் அவர் பெயரில் இருந்தது. அவர்கள் ஊர்த் திருவிழாவில் அந்த வீட்டு வெடி கேட்ட பிறகுதான் சாமியைத் தோளில் தூக்குவார்கள். குழல் நன்றாக இருந்தது. அதைத் தாங்கும் மரக்கட்டை மட்டும் பிடியருகே விரிசல் விட்டிருந்தது.

"பித்தள பட்ட சுத்திக் குடுத்தா போதும் சார். சத்தம் வந்தா சரி," என்றார்.

நான் கேட்கவில்லை. புத்தகப் படங்களைப் பார்த்து, அசலைப் போலவே புதுக் கட்டை செய்து தருவதாகச் சொன்னேன். பழைய தேக்கு உத்தரம் ஒன்றை அறுத்து முதலில் பிடியில் பூவேலை செதுக்கினேன். குழலைப் பொருத்துவதைக் கடைசிக்கு வைத்தேன், அதுவே தப்பு. வெடிக்கும்போது குழல் பின்னால் உதைக்கும். அந்த உதையை வாங்க, அதன் பின்முனை மரத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். குழலில் விளக்குக்கரி தடவி அழுத்தி, கறை பட்ட இடத்தை மட்டும் சிறிது சிறிதாகச் சுரண்ட வேண்டும். பொறுமை இழந்து உளியை ஆழமாக இறக்கினேன். குழலின் பின்முனைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சந்து விழுந்தது.

கட்டையை எறிந்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கலாம். பூவேலையை இழக்க மனம் வரவில்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் போட்டேன். பார்த்தால் தெரியாது.

"கல்யாண மாப்ள மாதிரி கீது சார்," என்று தடவிப் பார்த்துச் சிரித்தார் அவர்.

திருவிழாவில் சுட்டார், நானும் போயிருந்தேன். கட்டை நீளவாக்கில் பிளந்து, ஒரு சிராய் கண்ணில் ஏறியது. சிலர் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபின் ஊர்ப் பெரியவர் என்னிடம் கேட்டார்: "இன்னா சார் ஆச்சு?"

"மருந்து கூடிப்போச்சு போல," என்றேன்.

போலீஸிடமும் அதையே சொன்னேன். துப்பாக்கி பறிமுதலானது, உரிமம் ரத்தானது. 'அளவு தெரியாதவன்' என்பது அவருக்குப் பெயரானது. மறு வருடத்திலிருந்து வேறு யாரோ பட்டாசு கொளுத்த, சாமி கிளம்பியது.

பல வருடங்கள் கழித்து, போன தையில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்தார்.

"இத்தினி வருசமா வாயில இன்னா வெச்சிருந்தீங்க?"

அவர் அந்த முறத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "கண்ணு போச்சு, வுடுங்க. நான் போட்ட மருந்து எங்கப்பன் காட்டுன அளவு சார். ஒரு சிட்டிக நான் கூட்டுனதில்ல. அத ஊருக்குச் சொல்லுங்க."

காவல் நிலையத்தில் சொன்னபோது, துப்பாக்கியை அழித்தாயிற்று என்றார்கள். ஊரில், கோயில் முன்னால் பெரியவர்களைக் கூட்டிச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. இந்த வருடம் பட்டாசை அவரே கொளுத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

திருவிழாவன்று அவர் புது வேட்டி கட்டி வந்தார். ஊதுவத்தியைத் திரியிடம் நீட்டினார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. நெருப்பு திரிக்கு அப்பால் போனது. மறுபடி நீட்டினார், இந்தப் பக்கம் நின்றது.

"மாமா, திரி அங்க இல்ல, இங்க கீது!"

"சீக்கிரம் மாமா, சாமி தூங்கிடப் போவுது!"

கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் சிரித்தது. அவர் ஊதுவத்தியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் கூட்டத்தைத் தாண்டுவதற்குள் பட்டாசு வெடித்தது, சாமியைத் தூக்கினார்கள்.

அவர் என்னை உரசிக்கொண்டுதான் போனார். நான் நின்றது அவருக்குக் கண் இல்லாத பக்கம். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். நான் கூப்பிடவில்லை.