தினமும் ஆயுத பூஜை

பச்சையம்மாள் இறந்த செய்தி ஒரு வாழ்த்து அட்டையின் தோரணையில் என் கைபேசிக்கு வந்தது. பச்சைப் பின்னணி, நான்கு மூலைகளிலும் இலைகள், நடுவில் அவருடைய அடையாள அட்டைப் படம். ‘எங்கள் பசுமைப் பயணத்தின் வேர் சாய்ந்தது’ என்று மருத்துவமனை நிர்வாகம் எழுதியிருந்தது. வேர் சாயாது, மரம்தான் சாயும். எழுதியவருக்கு அந்த வேறுபாடும் தெரியவில்லை, பச்சையம்மாளையும் தெரியவில்லை. நான் அதைப் படித்தபோது மாலை ஆறரை மணி. என் அறைச் சுவருக்கு அப்பால் இரண்டாவது சி.டி. ஸ்கேன் இயந்திரம் விழித்திருந்தது. மூன்று மணிக்குப் பிறகு அந்த அறைக்குள் ஒரு நோயாளியும் நுழையவில்லை. விளக்கும் குளிரூட்டியும் இயந்திரமும் காலியான கட்டிலுக்காக உழைத்துக்கொண்டிருந்தன.

அவரோடு பணியாற்றிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காவலூரைத் தாண்டிய ஒரு மலைச் சிற்றூரில் பிறந்து, மலையடிவாரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்கேன் டெக்னீஷியனாக இருந்தவர் அவர். அவர் எடுக்கும் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவன் நான். மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் தகுதி அதற்கு இல்லை.

எங்களிடம் இரண்டு சி.டி. இயந்திரங்கள். புதியது விபத்து, பக்கவாதம் என்று எந்நேரமும் வருபவர்களுக்கு. பழையது பகலில் வரும் புறநோயாளிகளுக்கு. வேலை முடிந்த பிறகும் பழையதை யாரும் அணைப்பதில்லை. ‘ஸ்டாண்ட்பை’ என்பார்கள்: படம் எடுக்காது, அணையவும் செய்யாது, காத்திருந்தபடியே மின்சாரத்தை உண்ணும் நிலை. மருத்துவமனையின் வயர்மேனிடம் மீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு மாதம் முழுவதும் அந்தத் தீனியை அளந்து நோட்டில் குறித்தவர் பச்சையம்மாள். “சும்மா உக்காந்து துன்றவங்க எல்லார் வூட்லயும் ஒருத்தர் இருப்பாங்க சார். அவங்களையாவது போய்ப் படுன்னு சொல்லலாம். இத்த சொல்லவும் ஆளு இல்ல” என்றார்.

மூத்த டெக்னீஷியன் குப்புசாமி பதறினார். “அணைச்சா அப்புறம் எழுந்துக்காதும்மா. யாரு பதில் சொல்றது?” அது குப்புசாமி ஒருவரின் அச்சமல்ல, நான் உட்பட எங்கள் துறை முழுவதும் கொண்டிருந்த நம்பிக்கை. பச்சையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏண்ணா, ஆயுத பூஜைக்கு இன்னா பண்றோம்? அணைச்சிட்டு, தொடைச்சி, சந்தனம் வெச்சி, மாலை போட்டு உட்டுட்டுப் போறோம். மறுநாள் எழுந்துக்குதா இல்லியா?”

குப்புசாமி தலையைச் சொறிந்தார். “அது சாமி காரியம்மா.”

“அப்ப தினமும் ஆயுத பூஜைன்னு நெனச்சுக்கோ. பொரி மட்டும் கேக்காத.”

இயந்திர நிறுவனத்தின் பொறியாளரிடம் தொலைபேசியில் கேட்டார். அணைக்கலாம் என்றும், கையேட்டிலேயே அது இருக்கிறது என்றும் அவர் சொன்னார். பல ஆண்டுகளாக அந்தக் கையேடு என் அலமாரியில்தான் இருந்தது. நான் அதைப் பிரித்ததில்லை. அன்று முதல் மாலைதோறும் பழைய இயந்திரம் அணைந்தது. காலையில் அது எழுந்து சூடேறுவதற்குள் பச்சையம்மாள் ஒரு தேநீர் குடித்துவிடுவார். ‘பூஜை போட்டாச்சா?’ என்பது எங்கள் துறையின் அன்றாடக் கேள்வி ஆயிற்று.

அணைப்பதோடு அவர் நிற்கவில்லை. மலையிலிருந்து வருபவர்கள் பழைய படங்களைத் தூக்கி எறிவதில்லை. யூரியா சாக்கில் சுருட்டி, புகை படாத இடத்தில் செருகி வைத்திருப்பார்கள். எங்கள் மருத்துவர்கள் அந்தச் சாக்கைத் திறக்கச் சொல்வதில்லை. புதிய படத்துக்கு எழுதிவிடுவார்கள். பச்சையம்மாள் திறப்பார். முதுகுவலியோடு வந்த ஒரு விவசாயி சாக்கைக் கட்டிலடியில் வைத்துவிட்டு அவரைக் கெஞ்சினார். “யம்மா, நம்ம ஊருப் பொண்ணு நீ. படம் புடிச்சி உட்டுடு. ஜீப்பு வெச்சி வந்துட்டு சும்மா போனா ஊர்ல இன்னா சொல்லுவாங்க?”

“போன மாசந்தான புடிச்சிருக்குது மாமா? வலி உம் முதுகுல கீது, மெஷின்ல இல்ல. இரு, டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன்.”

காட்டினார். நான் பார்த்தேன். அந்தப் படமே போதுமானதாக இருந்தது. போதும் என்று சொன்னேன். திரும்பிப் போகையில் கதவருகே நின்று அவர் சொன்ன வாக்கியத்தை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்: “எடுக்காத படத்துக்குக் கரன்ட்டு கெடையாது, கதிரு கெடையாது, பொகையும் கெடையாது சார்.” மருத்துவப் படிமங்களின் கரிமச் சுமை குறித்துக் கருத்தரங்குகளில் நான் கேட்ட உரைகள் எதிலும் இதைவிடத் தெளிவான வாக்கியம் இல்லை. அவருக்கு அது கருத்தரங்குச் செய்தியும் அல்ல. தம்முடைய ஊரில் சாமை விதைக்கும் நாளை இப்போதெல்லாம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை என்பார். எங்கோ எரியும் நிலக்கரிக்கும், எங்கள் காலி அறைக்கும், பெய்யாத அந்த மழைக்கும் இடையே அவர் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

அந்த விவசாயிக்குப் படம் எடுக்காததற்காக விசாரணை நடந்தது. மேலாளர் கேட்டார்: “டாக்டர் எழுதினதை எடுக்கறதுதான் உன் வேலை. வேணாம்னு சொல்ல நீ யாரு?”

“நான் வேணாம்னு சொல்லலீங்க. பழைய படம் இருக்குதுன்னு சொன்னேன். அதுவே போதும்னு சொன்னவரு இங்கதான் உக்காந்திருக்காரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசை மீதிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மறுநாள் அவரை ஸ்கேன் அறையிலிருந்து எடுத்து, வரவேற்பில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். அன்று மாலை படியில் எதிர்ப்பட்டபோது அவர் நின்றார். கோபமாகக் கூட இல்லை. “நீங்களும் ஸ்டாண்ட்பைலதான் இருந்தீங்க சார்” என்று சொல்லிவிட்டு ஆலங்காயம் பேருந்துக்குப் போனார்.

ஓராண்டுக்குள் மருத்துவமனைக்குப் ‘பசுமை’ விருது கிடைத்தது. விண்ணப்பத்தில் இருந்தவை பச்சையம்மாளின் நோட்டிலிருந்து எடுத்த அளவுகள். விருது வந்த வேளையில், அவர் இல்லாத அறையில் இயந்திரம் மீண்டும் மாலை முழுதும் விழித்திருக்கத் தொடங்கியிருந்தது. விருது விழா மேடையில் ஒரு மரக்கன்றை அவர் கையில் கொடுத்து, “பேரிலேயே பச்சை!” என்றார் மேலாளர். பச்சையம்மாள் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்தார். “எம் பேர்லதாங்க பச்சை. ரெண்டாம் நம்பர் ரூம்ல இன்னும் லைட்டு எரியுது, யாராவது போய் அணைங்க.” அரங்கு சிரித்தது. மேலாளரும் சிரித்தார். யாரும் எழுந்து போகவில்லை. அந்தக் கன்றைக் குளிரூட்டியின் வெளிப்பெட்டிக்கு எதிரே நட்டார்கள். அதன் அனல் காற்றில் ஒரு வாரத்தில் கருகிப்போனது.

பச்சையம்மாளுக்கு மாரடைப்பு என்றார்கள். அடக்கத்துக்கு மலைக்குப் போனேன். நிர்வாகத்தின் சார்பில் ஒரு மலர்வளையம் வந்திருந்தது, ஆள் வரவில்லை. அவருடைய தம்பி என்னருகே வந்து, “படம் படிக்கிற டாக்டருங்களா நீங்க?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அக்கா உங்களைப் பத்திச் சொல்லும். நல்லவருதான், எழுந்துக்கத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்னு.”

பழித்துச் சொன்னதா, நம்பிச் சொன்னதா என்று பச்சையம்மாளிடம் கேட்க இனி வழியில்லை. மறுநாள் மாலை கடைசி நோயாளி போன பிறகு இரண்டாவது அறைக்குள் சென்று, அலமாரியிலிருந்து எடுத்த கையேட்டின் வரிசைப்படி இயந்திரத்தை அணைத்தேன். பதிவேட்டில் ‘பூஜை போட்டாயிற்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அன்றிலிருந்து தினமும் அதையே செய்கிறேன். சாக்கைத் திறந்து பழைய படத்தைப் பார்க்காமல் இப்போது எந்தப் புதிய படத்துக்கும் ஒப்புதல் தருவதில்லை.

யாரைக் கேட்டு அணைக்கிறேன் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் இப்போது படித்து முடிக்கும் இதுதான் அந்த விளக்கம். ஒரு பிரதி மேலாளருக்கும் போகிறது. பச்சையம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது மாலையில் எழுதும் அந்த ஒரு வரி. விசாரணை அறையில் நான் சொல்லாமல் விட்ட சொல்லும் ஒன்று என்னிடம் இருக்கிறது. தாமதமாக, ஆனால் முழு விழிப்போடு இங்கே எழுதுகிறேன்: அந்தப் படம் போதும் என்று சொன்னவன் நான்.