மாமா தேய்த்த ஹெட்லைட்

ஒரு சனிக்கிழமை காலை, பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் போர்ச்சில், மாமா காரின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கையில் ஈரமான உப்புத்தாள். அலுவலகத்துக்குப் போகிறவரைப் போல வெள்ளைச் சட்டை அணிந்து, கைகளை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். துணி காயப்போட வெளியே வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் எதைச் செய்கிறார் என்று புரிந்ததும் துணிக்கூடையைக் கீழே வைத்தேன்.

மாமா என் கணவரின் தந்தை. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது, எப்போதும் ‘பிள்ளை’தான். நான் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் வேலை செய்தேன். திருமணமாகி வந்த புதிதில் தொழிற்சாலைப் பேருந்தைத் தவறவிட்ட நாள்களில் அவரேதான் என்னைக் காரில் கொண்டுபோய் விடுவார். மஞ்சள் விளக்கைக் கண்டாலே நிறுத்திவிடுகிற மனிதர். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால், “அவைக்கு அவசரம், எங்களுக்கு என்ன?” என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் நுழைந்துவிட்டார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் விலகிக்கொண்டதால் உயிர்ச்சேதம் இல்லை. பிறகு, வெள்ளிக்கிழமை தோறும் போய்வந்த தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனவர் மாலை வரை திரும்பவில்லை. தேடிப் போனபோது, எங்கோ ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். “கொஞ்சம் களைப்பா இருந்துது” என்றார். மருத்துவர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாமியையும் என் கணவரையும் உள்ளே அழைத்துப் பேசினார். நினைவு மெல்ல மெல்லப் போய்விடும், இனி ஒருபோதும் கார் ஓட்டவிடக் கூடாது என்றார்.

அதை அவரிடம் சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. “அப்பாட்ட நான் சொல்ல ஏலாதும்மா, நீங்களே சொல்லுங்க” என்றார் என் கணவர். மறுநாள் மாமா சாவியைத் தேடியபோது, மாமி அரிசி களைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “கார் எடுக்காதேங்கோ. ஹெட்லைட் ரெண்டும் மங்கிப் போச்சு. போலீஸ் பிடிப்பான். சரியாக்கின பிறகு ஓடுங்கோ.”

விளக்குகள் மங்கியிருந்தது உண்மைதான். பத்திருபது வருட வெயிலிலும் உப்புக்காற்றிலும் அவற்றின் பிளாஸ்டிக் மூடி பழுத்து, பழைய நகம் போல மஞ்சளாகிப் போயிருந்தது. மாமா வெளியே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, “ஓம், பிழைதான்” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதரிடம் சட்டத்தைச் சொல்லி நிறுத்தியாகிவிட்டது. அதன் பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் புது விளக்கு வரவில்லை, பழைய மாடலுக்குச் சாமான் கிடைக்கவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். சாப்பிட்டது மறந்துபோகும். என் கணவரைத் தம் தம்பியின் பெயரால் கூப்பிடுவார். ஆனால் ஹெட்லைட் மங்கியிருப்பது மட்டும் மறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் தாமாகவே தெருமுனை ஹார்ட்வேர் கடைக்கு நடந்து போய் எல்லாவற்றையும் வாங்கி வந்திருந்தார். காரின் பெயின்ட்டில் கீறல் விழாதபடி விளக்குகளைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு அதைவிட மெல்லியது, கடைசியில் தொட்டால் துணி போலிருக்கும் ஒன்று. தண்ணீரில் தோய்த்து, ஒரே திசையில், அவசரமில்லாமல் தேய்த்தார். மஞ்சள் கலந்த பால் போல நீர் வழிந்து போர்ச்சுத் தரையில் ஓடியது. தேய்க்கத் தேய்க்க விளக்கு முன்னைவிட மோசமாக, பனி படிந்தது போல வெளுத்தது.

“கெட்டுப் போச்சு போல மாமா. போதும் லா, விட்டுடுங்க” என்றேன். அப்படியே விட்டுவிட்டால் நல்லது என்றுதான் மனம் நினைத்தது.

“பொறு பிள்ளை. முதல் மங்கும். பிறகுதான் தெளியும்.”

பாலிஷைத் துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். ஓர் ஓரத்திலிருந்து வெண்மை விலகியது. உள்ளே பல்பும், அதைச் சுற்றியிருந்த வெள்ளித் தகடும் துல்லியமாகத் தெரிந்தன. காய்ந்த பிறகு, மறுபடி மஞ்சளாகாமலிருக்க ஸ்பிரே அடித்தார். ஒரு படியைக்கூட அவர் மறக்கவில்லை. இந்தக் கைகளையா மருத்துவர் குறை சொன்னார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மதியம் தாண்டி, கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர் மாமியின் முன் நின்றார். “லைட் சரியாயிட்டுது. திறப்பைத் தாரும்.”

திறப்பு என்றால் சாவி. மாமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். பிறகு மாமி அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். “கோயில் வரைக்கும் போயிட்டு வாங்கோ. பிள்ளையும் பக்கத்தில வரட்டும்.”

நன்றாகத்தான் ஓட்டினார். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டார். முன்னால் போன லாரியின் பின்புறத்தில் அந்த வெளிச்சம் விழுவதை எனக்குக் காட்டிச் சிரித்தார். கோயில் சாலைக்குத் திரும்பும் சந்திப்பில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினார். பச்சை வந்தது. கார் நகரவில்லை. பின்னால் ஒவ்வொன்றாக ஹாரன்கள் எழுந்தன. “மாமா, பச்சை” என்றேன். அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசும் மரியாதையுடன் கேட்டார்: “நீங்க எங்க இறங்கோணும்?”

மறுபடி சிவப்பு விழுந்தது. இறங்கிச் சுற்றிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். மறுக்காமல் இறங்கி, என் இருக்கையில் வந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் வீட்டுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவர் மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நக இடுக்குகளில் இன்னும் பாலிஷ் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு தேநீர் குடித்த பிறகு அவருக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. சாவியை மாமியின் கையில் வைத்தார். கோபமேயில்லாத குரலில் பேசினார்.

“டாக்டர் உங்களை உள்ள கூப்பிட்ட அண்டைக்குக் கதவு முழுசாச் சாத்தேல்லை. எனக்கு எல்லாம் கேட்டது. லைட்டை நான் சரியாக்கிப் போட்டால், சொல்ல வேற காரணம் இல்லாமல் நீங்கள் உண்மையச் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்.” கொஞ்சம் நிறுத்தி, மாமியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்பவும் ஒருத்தரும் சொல்லேல்லை. திறப்பைத் தந்து அனுப்பிப் போட்டீங்கள்.”

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா எழுந்துபோய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள் அவருக்கு எதுவும் நினைவில்லை. “கார் எங்க?” என்றுகூட அதன் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு முகமாக உதிர்ந்து, கடைசி மழைக்காலத்தில் மாமியையும் மறந்த பிறகு, போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் மாமியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மார்பில் இருந்த கட்டியின் பரிசோதனை முடிவு வந்திருந்தது. அவரை மருந்து வாங்கும் இடத்தில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போனேன். மருத்துவர் என்னிடம் மட்டும் சொன்னார். வெளியே வந்து என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் அழுதார். “அம்மாவுக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேணாம். வெறும் கொழுப்புக் கட்டின்னு சொல்லிடு” என்றார்.

காரில் ஏறியதும் மாமி கேட்டார்: “என்னவாம்?”

சாவியைத் திருகாமல் அப்படியே வைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன வார்த்தையையே சொன்னேன். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையும் சொன்னேன். மாமி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ ஒரு முதியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் மாமி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

“சரி” என்றார் பிறகு. “மார்க்கெட் பக்கம் விடு பிள்ளை. மீன் வாங்கோணும்.”