மங்களம் பாடாத நாடகம்

இன்று சிதம்பரத்தில், இசை படிக்கும் பிள்ளைகள் தாங்களே மெட்டமைத்த குட்டிப் பாட்டு நாடகங்களைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

கடைசி நாடகத்தில், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டபடியே ஒரு தாய் பாடுகிறாள். அவன் எடுக்கவில்லை. விளக்கு அணைந்தது. எல்லாரும் கைதட்டி எழுந்தார்கள்.

நான் பார்த்து வளர்ந்த கூத்தெல்லாம் மங்களம் பாடித்தானே முடியும்? நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மெட்டமைத்த பெண் வந்து, "தாத்தா, முடிஞ்சிடுச்சி. பத்து நிமிஷம்தான்" என்றாள்.

"மங்களமே பாடலியேம்மா! பையன் போன எடுத்தானா இல்லியா?"

"அத நீங்கதான் நெனச்சிக்கணும் தாத்தா."

கடலூர் வரும்வரை பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். எடுத்துவிட்டான் என்றே முடித்தேன்.

இந்த வயதில் புதிதாகக் கற்ற எழுத்துகளைப் போனில் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டி இந்தப் பதிவைப் போடுகிறேன். துபாயில் இருக்கும் என் மகன் இதைப் படிப்பான். படித்தால் லைக் மட்டும் போடுவானா, போனும் போடுவானா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?