தீ அணைந்தும் சுற்றிய சக்கரம்

என் கணவர் ரிட்டையர் ஆனபிறகு, நெல்லித்தோப்பு வீட்டுச் சாப்பாட்டு மேஜை அவருடைய பட்டறையாகிவிட்டது. ஸ்பிரிட் விளக்கு, அதன்மேல் தகர டப்பாவில் தண்ணீர், அந்த நீராவியில் ஓடும் உள்ளங்கை அளவு இன்ஜின். உடைந்த வாக்மேனிலிருந்து பிடுங்கிய மோட்டாரை இன்ஜின் சக்கரத்தோடு ரப்பர் பேண்டால் இணைத்திருந்தார். மோட்டாரை நாம் சுற்றினால் அது கரண்ட் தருமாம். சுற்றத்தான் செய்தது. அதில் மாட்டிய சின்ன சிவப்பு பல்பு மட்டும் மாதக்கணக்கில் எரியவில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. "சுவிட்சைத் தட்டினா வூடே எரியுது, இதுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?" என்பேன். சிரித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்பு எரிவதைப் பார்க்க ஆபீஸ் நண்பர்கள் இருவரை அழைத்துவிட்டார். அவர்களில் ஒருவர் எல்லோரையும் பிரெஞ்சுக்கார மரியாதையில் "முசியே" என்று கூப்பிட்டே மானத்தை வாங்குகிறவர். எரியாவிட்டால் மனிதர் அதைச் சொல்லிச் சொல்லியே இவரைச் சாகடிப்பார். இவர் குளிக்கப் போன நேரத்தில், ரெண்டு பென்சில் பாட்டரிகளைப் பலகைக்கு அடியில் செருகிப் பல்பின் ஒயரோடு முறுக்கினேன். ஒரு சுவிட்சை மேஜை விரிப்புக்கு அடியில் வைத்தேன். பார்த்துப் பார்த்தே அவ்வளவு கற்றிருந்தேன்.

இன்ஜின் வேகம் பிடித்ததும் அழுத்திவிட்டேன். ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. பல்பு பளிச்சென்று எரிந்தது, கை தட்டினார்கள். இவர் மட்டும் பல்பையே பார்த்தபடி நின்றார். பிறகு ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்தார். சக்கரம் நின்றதும் சுவிட்சை அணைக்கலாம் என்று நான் காத்திருந்தேன்.

நீராவி அடங்கிய பிறகும் சக்கரம் நிற்கவில்லை. பல்புக்கென்று நான் கொடுத்த கரண்ட் மோட்டாருக்கும் போய், மோட்டார் இன்ஜினை இழுத்துக்கொண்டிருந்தது.

"இன்னா முசியே, தீ அணைஞ்சும் சுத்துது? பாட்டரி வெச்சிக்கினு எங்களுக்கே பூ சுத்துறியா?"

இவர் விரிப்பைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். உடனே சிரித்தார்.

"மாட்டிக்கினேன்யா. சும்மா தமாஷுக்கு."

நான்தான் வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஜ்ஜி எடுக்கப் போகிறவள்போல உள்ளே போய்விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவர்கள் போனதும், "உங்க மானம் போவக்கூடாதுன்னுதாங்க..." என்று இழுத்தேன்.

"காலைல நீ மார்க்கெட்டு போயிருந்தப்ப எரிஞ்சுது. மோட்டாரு வேகமா சுத்தட்டும்னு அதுக்குச் சின்ன சக்கரமா மாத்தினேன். மங்கலாத்தான் எரிஞ்சுது" என்றார். "நீயே நேர்ல பாக்கணும்னுதான் சொல்லாம இருந்தேன்."

பல்பு எரியும் என்று நம்பித்தான் அவர் நண்பர்களை அழைத்திருக்கிறார். நம்பாதவள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்.

அடுத்த முறை கரண்ட் போனபோது, "அந்த இன்ஜினக் கொஞ்சம் ஓட்டுங்களேன்" என்றேன்.

"டார்ச்சு இருக்குதுல்ல" என்றார். என்னுடைய அந்த ரெண்டு பாட்டரிகளையும் அதில் போட்டு வைத்திருந்தார்.