மைக் செட் பாண்டியும் சின்ன ஆம்ப்பும்

ஹெட்ஃபோன் விற்பது சுலபம். அதுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், வேணும் என்று வாங்கினவருக்குப் புரிய வைப்பதற்குள் நம் சீவன் போய்விடும். மதுரையில் ஆடியோ கடை வைத்திருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, என் கதையைக் கேட்டு ஆறுதலாவது அடையுங்கள்.

உள்ளே கொசு

பாண்டி திருப்பரங்குன்றத்துக்காரர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் அந்தப் பக்கம் அவருடைய மைக் செட்தான். வீட்டிலும் டிவியை அலறவிடுகிறார், மகளுக்குப் பரீட்சை என்று மனைவி பிடித்துத் திட்ட, பெரிய ஹெட்ஃபோன் ஒன்றை ஆசையாக வாங்கிப் போனார்.

"இது பவர் தின்கிற ரகம். நேரா டிவியிலயோ செல்லுலயோ சொருகினா பத்தாது. நடுவுல சின்ன ஆம்ப் ஒண்ணு வேணும்" என்று தொண்டை வறளச் சொன்னேன். நன்றாகத் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றார்.

"என்னண்ணே, இம்புட்டுப் பெரிய சாமானைக் குடுத்திருக்கீக, உள்ள கொசுல்ல பாடுது!"

பிளக் போன இடம்

ஆம்ப்பை எடுத்துக் காட்டினேன். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஊரையே எழுப்புற ஆம்ப் வீட்டுல கிடக்கு, இது எதுக்குண்ணே" என்று கிளம்பிப் போனார்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கூம்பு ஸ்பீக்கரைக் கதறவைக்கிற ஆம்ப்பில் ஹெட்ஃபோனா? அய்யய்யோ! ஹெட்ஃபோன் போனால் போகட்டும். மைக்கில் எங்கே இரையுது என்று காதை வைத்தே கண்டுபிடிக்கிற மனுஷன், காது போனால் பிழைப்பே போச்சே! கையைக்கூடக் கழுவாமல் போன் அடித்தேன்.

எடுத்தார். "பாண்டி, அதை மாட்டாதீங்க" என்று நான் கத்த, அந்தப் பக்கம் 'டப்' என்றது. விஷயம் இதுதான்: மைக் செட்காரர் வழக்கப்படி பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை உரித்து, ஸ்பீக்கருக்குப் போகிற முனையில் நேராக முறுக்கியிருக்கிறார். அடப்பாவி மனுஷா!

"உங்க போனைப் பேசத்தான்ணே தலையிலேருந்து கழட்டினேன், பேசிக்கிட்டே சுவிட்சைப் போட்டேன், பொகையுதுண்ணே!"

இடது பக்கம்

மறுநாள் கூச்சத்தோடு வந்தார். கேட்டுப் பார்ப்பதற்காகக் கடையில் வைத்திருக்கும் ஹெட்ஃபோனைச் சின்ன ஆம்ப்பில் சொருகி அவர் தலையில் மாட்டினேன். முகம் மலர்ந்தது. "வலது பக்கம் பிரமாதம்ணே. இடது பக்கம்தான் வேலை செய்யல."

தூக்கிவாரிப் போட்டது. இதுவும் போச்சா? வாங்கி நான் மாட்டிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் அருமையாகப் பாடியது. இடதை வலதிலும் வலதை இடதிலுமாகத் திருப்பி அவருக்கு மாட்டினேன். "இப்பவும் இடது பக்கம்தாண்ணே கேக்கல" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை வருஷமாகக் கூம்பு ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்ற மனுஷன்! நேற்று நான் பதறிப்போய்க் காப்பாற்றிய காதுகளில் ஒன்று எப்போதோ போய்விட்டிருக்கிறது. அவருக்கே தெரியவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவர் அந்தச் சின்ன ஆம்ப்பை என் பக்கம் தள்ளினார்.

"அந்தக் காதுக்கு மட்டும் கொஞ்சம் பெரிய ஆம்ப்பா குடுங்கண்ணே."

"அதுக்கு வேண்டியது ஆம்ப் இல்ல பாண்டி, டாக்டர்" என்று சொல்லிக் கடையைச் சாத்தி, அவரை வண்டியில் ஏற்றிக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆம்ப் விற்கவில்லைதான், ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்று இந்தத் தொழிலில் நான் சொன்னது எடுபட்டது அன்றைக்குத்தான்.