பாய் விரிப்பதற்கு முன் அம்மை குத்தினோம்

அம்மை குத்தும் வேலைக்கு உத்தரவு வந்தபோது எங்கள் அய்யா அதை வாங்கிப் படித்துவிட்டு, "கடக்கரைக்கா போடச் சொல்றாக?" என்று மட்டும் கேட்டார். உத்தரகோசமங்கைப் பக்கம், கண்மாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஊரில் வளர்ந்தவள் நான். எனக்கோ எப்போது கிளம்புவோம் என்றிருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. பெரியம்மையை நாட்டை விட்டே விரட்டுவது என்று அரசாங்கம் இறங்கியிருந்த நேரம். அந்தப் படையில் நானும் ஒருத்தி என்ற நினைப்பிலேயே கால் தரையில் பாவவில்லை.

பாம்பன் தீவின் தென்கரையில் இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்கு நானும் சுகாதார ஆய்வாளரும் போனோம். அவரும் இளவயதுக்காரர்தான். சித்திரை வெயில். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும். அதனால் ஊரே வள்ளங்களில் ஏறி, அமைதியாக இருக்கும் வடகடல் கரைக்குக் குடிபெயரும். நாங்கள் போன அன்றுதான் அவர்கள் சட்டி பானை, கோழி, வலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு குடிசையின் கதவு மட்டும் அந்த வெயிலிலும் சாத்தியிருந்தது. வாசலில் நின்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. "உள்ள ஆரும் இல்ல" என்றாள். உள்ளே யாரோ முனகியது கேட்டது. ஆய்வாளரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "நான் மட்டும் பாக்குறேன் அக்கா" என்றேன். கதவைத் திறந்து வழிவிட்டாள்.

அவள் கணவன் பாயில் கிடந்தான். வெளியூரில் கூலி வேலை பார்த்துவிட்டுச் சமீபத்தில்தான் திரும்பியிருந்தான். முகத்திலும் கைகளிலும் கொப்புளங்கள் நெருக்கமாக இருந்தன. வயிற்றில் குறைவு. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன், அங்கும் இருந்தன; சின்னம்மை என்றால் அங்கே அவ்வளவாக வராது. பயிற்சியில் படமாக மட்டுமே பார்த்த நோய் இப்போது என் கண்முன்னே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்குள் பயம் பாதிதான். சரியான நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டோம் என்ற துடிப்பு மீதி.

வெளியே வந்து சொன்னதும் ஆய்வாளர் ரயிலைப் பிடிக்க ஓடினார். எங்களிடம் இருந்த அம்மைப்பால், அதுதான் தடுப்பு மருந்து, ஊருக்குப் போதாது. பாலத்தைத் தாண்டி மண்டபம் போய்த்தான் வாங்கி வர வேண்டும். அதுவரை வள்ளங்களை நிறுத்துவது என் பொறுப்பு.

நான் கரைக்குப் போனேன். ஊரில் பெரிய வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பாய்மரத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"காத்து ஏறிருச்சு நர்சம்மா. இங்கன நிண்டா வள்ளம் செதறிப் போகும். வடகரையில எறங்குன பெறகு குத்திக்கிறோம்."

"அங்கன இன்னும் எத்தன ஊரு சனம் வந்து கூடும் அய்யா? உங்களோட சேந்து சீக்கும் எறங்குமே."

"அது சின்னம்மையாத்தான் இருக்கும். வந்தது தெரியாமப் போயிரும்."

சுற்றி நின்றவர்கள் அவர் பக்கம்தான். படத்தில் பார்த்த கொப்புளத்தை வைத்துக்கொண்டு எப்படி வாதாடுவது என்று திகைத்து நின்றேன். அப்போது எனக்குப் பின்னால் குரல் கேட்டது. தழும்பு முகத்துக்காரி வந்திருந்தாள். யாரையும் நெருங்காமல், வலை காயும் இடத்துக்கு அப்பாலேயே நின்றாள்.

"மாமா, அது பெரியம்மைதான். எங்க ஆத்தாவையும் தம்பியையும் கொண்டுபோனது எனக்குத் தெரியாதா? ஊரு ஒதுக்கிருமுன்னு நாந்தான் மறைச்சேன். பிள்ளைகள வள்ளத்துல ஏத்தாதீக."

ஒருத்தி தன் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். சம்மாட்டி கயிற்றை விட்டார்.

"ஏலே, பாயக் கெழட்டுங்க. வள்ளத்த மேல இழுத்துப் போடுங்க."

கழற்றிய பாய்களையே கோயில் முன்னால் கட்டி நிழல் போட்டார்கள். கொள்ளை நோயிலிருந்து காப்பவர் என்று அவர்கள் நம்பும், அம்பு தைத்த புனிதரின் சொரூபத்தையும் வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் குடிசைக்குள் போய் வந்தவர்கள் யார் என்று கேட்டு, கைவசம் இருந்த மருந்தை முதலில் அவர்களுக்குக் குத்தினேன். கையில் ஒரு துளி அம்மைப்பாலை வைத்து, பல் பல்லாக இருக்கும் சின்ன வட்டக் கருவியை அதன்மேல் அழுத்தித் திருக வேண்டும். பிள்ளைகள் அலறின. சம்மாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு வேறு திசையில் பார்த்தார்.

சாயங்கால ரயிலில் ஆய்வாளர் வந்துவிட்டார். மீன்பெட்டி ஒன்றில் ஐஸும் மரத்தூளும் நிரப்பி, நடுவில் மருந்துக் குழாய்களைப் புதைத்துத் தோளில் சுமந்து வந்தார். சட்டையெல்லாம் ஐஸ் தண்ணீரும் மீன் வாடையும். அவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆண்பிள்ளை கையைப் பிடிக்கக் கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டதால் அவர்கள் அத்தனை பேருக்கும் நானே குத்தினேன். விரல்கள் மரத்துப்போயின. நிறுத்த மனம் வரவில்லை.

வள்ளங்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. காற்று ஒரு வள்ளத்தைப் புரட்டி உடைத்தே விட்டது. அம்மை கண்டவனை ஊருக்குத் தள்ளி ஓர் ஓலைக் கொட்டகையில் வைத்தோம். ஒருமுறை வந்துபோனவளுக்கு மறுபடி வராது என்பதால் மனைவியே பார்த்துக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் முறைவைத்துக் கஞ்சியை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்கள். அவனுடைய தங்கைக்கும் கண்டது. லேசாக வந்து போயிற்று. அதற்குமேல் ஒருவருக்கும் வரவில்லை. பிள்ளைகளின் கையில் குத்திய இடம் முத்துப்போலப் பழுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே வீடு வீடாகப் போன காலையை என்னவென்று சொல்வது. மருந்து பிடித்துவிட்டது, பிடித்துவிட்டது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன்.

அவன் உடலில் பொருக்கு உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு ஊர் கிளம்பியது. வடகரையில் கூடும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் குத்த வேண்டும்; ஆய்வாளர் ரயிலில் அங்கே வருவதாகச் சொல்லியிருந்தார். "ரயிலுக்குப் போறியா, எங்களோட வாரியா?" என்று தழும்பு முகத்துக்காரி கேட்டாள். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். பாம்பன் பாலத்தை நெருங்கியதும் அதன் அடியில் நுழையப் பாய்மரத்தைச் சாய்த்தார்கள். நீரோட்டம் வள்ளத்தை உருவி இழுத்தது. நான் பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாலத்தின் நிழல் எங்கள்மேல் ஓடிக் கடந்தது. எதிரே குளம்போல வடகடல். கரையில் ஏற்கெனவே வேறு ஊர்களின் வள்ளங்கள் வரிசையாக நின்றன. எப்போது இறங்குவோம் என்று பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.