கரண்டி பிடித்த கை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன நூலகம். அதன் பக்கச் சுவரில் அந்த வட்டாரத்து மனிதர்களையே வரைந்து தரச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுக்கொரு போட்டோ அனுப்புங்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். எதிரே, சோற்றின் மேல் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவரை நாங்களெல்லாம் நானா என்றுதான் கூப்பிடுவோம். சோற்றுத் தட்டின் மேல் குழம்புக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் ஒரு செல்ஃபி அனுப்பினார். அப்படியொரு சிரிப்பு! சுவரின் நடுவில் இவர்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் கட்டம் போட்டு வரைகிறவள். போட்டோவில் ஒரு கட்டத்தில் இருப்பதைச் சுவரில் அதே கட்டத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். எட்டு நாள் வெயிலில் சாரத்தில் நின்று ஏற்றினேன். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் நானா எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். அண்ணாந்து பார்த்தவரின் முகம் செத்துப்போயிற்று.

“என்னம்மா இது? எடது கையால சோறு போடுறேன்!”

நானும் இறங்கி வந்து பார்த்தேன். ஐயோ! செல்ஃபி கண்ணாடிபோல எல்லாவற்றையும் திருப்பிக் காட்டியிருக்கிறது. நான் கட்டங்களைப் பார்த்தேனே தவிர மனிதரைப் பார்க்கவில்லை. தப்பை உடனே ஒப்புக்கொள்கிற ரகமா நான்? எகிறினேன்.

“நீங்க அனுப்புன போட்டோதானே நானா? யாரு போயி கையப் பாக்கப் போறா?”

“என் சம்பந்தி பாப்பாருலா! மவளுக்குக் கல்யாணமாகி மூணு மாசந்தான் ஆவுது. நாளைக்கு கெப்பாலா பத்தாஸ்லேருந்து மாமனாரக் கூட்டிட்டு வரா. எங்க வாப்பாவச் சுவத்துல வரைஞ்சிருக்காங்கன்னு பெருமையாச் சொல்லி வச்சிருக்கா. பீச்சாங்கையால சோறு போடுற வீட்டுலயா பொண்ணெடுத்தோம்னு அவுங்க நெனச்சா, என் புள்ள மூஞ்சிய எங்க வச்சுக்குவா?”

எனக்குச் சுருக்கென்றது. இடது கையால் யாராவது வெற்றிலை நீட்டினாலே வாங்காத வீட்டில் பிறந்தவள் நான். வெட்கமாக இருந்தது.

“கரண்டிய எடுத்துட்டு வாங்க நானா. இங்கேயே நில்லுங்க” என்றேன்.

படத்திலிருந்த இரண்டு கைகளையும் தோள்வரை வெள்ளையடித்து அழித்தேன். நானா நடைபாதையில் வலது கையைத் தூக்கியபடி நின்றார். மத்தியானக் கூட்டம் கடையிலிருந்து சாலையைத் தாண்டி வந்துவிட்டது.

“நானா, நீங்க இங்க நின்னா குழம்ப யாரு ஊத்துறது?”

“இன்னைக்கு நான் செலைலா, போய் நீங்களே ஊத்திக்குங்க!”

ஆளாளுக்கு அவரைக் கிண்டல் செய்தார்கள். நடுநடுவே உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. “முப்பது வருசமாத் தூக்குன கைம்மா. நீ ஒழுங்கா வரை” என்று என்னையே அதட்டினார். பொழுது சாயும்போது வேலை முடிந்தது.

மறுநாள் மகளோடு சம்பந்தி வந்தார். வெள்ளைத் தொப்பி, கறாரான முகம். சுவரை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் நானா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

“கரண்டி நெறையக் கொழம்பு இருக்கே சம்பந்தி” என்றார் அவர் ஒருவழியாக. “கடையிலயும் இப்படித்தானா?”

“வந்து பாருங்கலா!” என்று நானா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானும் அவர்கள் பின்னாலேயே போய் ஒரு நாற்காலியைப் பிடித்தேன்.

நானா கரண்டி நிறையக் குழம்பு அள்ளினார். முந்தின நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்த கை கிடுகிடுவென்று ஆடி, பாதி மேசையில் சிந்தியது.

“குடுங்க வாப்பா, நான் ஊத்துறேன்” என்றாள் மகள்.

“தள்ளும்மா” என்று அதே கையால் மறுபடி அள்ளினார்.

சம்பந்தி தன் தட்டை இரண்டு கையாலும் தூக்கி, அந்தக் கரண்டிக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார்.